கோத்தகிரியில் குடியிருக்கலாமா? உள்ளூரில் இருந்து ஒரு விமர்சனம்

என் வீட்டுக்காரருக்கு வேலை மாற்றலாகி திருப்பூரில் இருந்து கோத்தகிரிக்கு வந்தவர்கள் நாங்கள். பிறகு மலையை விட்டுக் கீழே போக வாய்ப்பு வந்தபோதும் போகவில்லை, இங்கேயே இருந்துவிட்டோம். அதனாலோ என்னவோ, "அங்கே வாடகைக்கு வீடு கிடைக்குமா, ரிட்டயர் ஆனதும் வந்துவிடலாமா, வீட்டில் இருந்தே வேலைதானே, குழந்தைகளோடு வந்து இருந்து பார்க்கலாமா" என்று சொந்தக்காரர்களும் பழைய ஆபீஸ் ஆட்களும் அடிக்கடி போன் பண்ணிக் கேட்கிறார்கள். மிக்ஸி வாங்கினால் ரிவ்யூ எழுதுகிறோம், ஒரு வேளை சாப்பிட்ட ஹோட்டலுக்கு எழுதுகிறோம், வருஷக்கணக்கில் இருக்கப்போகிற ஊருக்கு யாரும் எழுதுவதில்லை. ஒவ்வொருவருக்கும் போனில் சொன்னதையெல்லாம் சேர்த்து இங்கே எழுதி வைக்கிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்றாட வாழ்க்கைக்கு இந்த ஊரை அடித்துக்கொள்ள வேறு ஊர் இல்லை. அன்றாடத்தைத் தாண்டிய எதற்கும் மலை இறங்கியாக வேண்டும், அந்த ரோடு எப்போது திறந்திருக்கும் என்பது நம் கையில் இல்லை. இந்த இரண்டாவது விஷயம் உங்கள் வீட்டை எவ்வளவு பாதிக்கும் என்று முதலில் உட்கார்ந்து யோசியுங்கள். அதற்குப் பதில் கிடைத்துவிட்டால் மற்றதெல்லாம் பழகிவிடும்.

தெரியாதவர்களுக்காக ஊரைப் பற்றிக் கொஞ்சம். நீலகிரியில் ஊட்டி, குன்னூருக்கு அடுத்த ஊர் இது. மேட்டுப்பாளையத்தில் இருந்து குஞ்சப்பனை, அரவேணு வழியாக 33 கிலோமீட்டர். குன்னூருக்கு 20 கிலோமீட்டர் போல, ஊட்டிக்கு 30 போல. மலை ரயில் இந்தப் பக்கம் வராது, மேட்டுப்பாளையத்தில் இருந்து குன்னூர் வழியாக ஊட்டிக்குப் போய்விடுகிறது. கோவை கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819-ல் மலை ஏறி வந்து முதலில் வீடு கட்டியது இங்கே பக்கத்தில் கன்னேரிமுக்கில்தான், ஊட்டியெல்லாம் அதற்குப் பிறகுதான். அந்த பங்களாவைப் புதுப்பித்து வைத்திருக்கிறார்கள், போய்ப் பார்க்கலாம். ஊட்டிக்குப் போகிற கூட்டத்தில் பாதிகூட இங்கே நிற்பதில்லை. குடியிருக்கிறவர்களுக்கு அதுவே பெரிய நிம்மதி.

குளிரைப் பற்றித்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். ஊட்டி அளவுக்குக் கடுங்குளிர் இல்லை. மார்கழி, தை மாதங்களில் ஊட்டியில் புல்தரை வெள்ளையாக உறைந்து கிடப்பதைப் படம் பிடித்துப் போடுவார்கள் இல்லையா, அந்த உறைபனி இங்கே அவ்வளவு கிடையாது. ஒரு ஸ்வெட்டர், காதை மூட ஒரு மப்ளர், ராத்திரிக்கு நல்ல கம்பளி இருந்தால் சமாளித்துவிடலாம். மின்விசிறி மாட்டாத வீட்டில் சித்திரை மாதம் முழுக்கத் தூங்குகிற சுகத்தைத் திருப்பூர்க்காரியான என்னைக் கேட்டால்தான் தெரியும். ஆனால் மழையைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். கூடலூர், அவலாஞ்சி பக்கம் ஜூன், ஜூலையில் கொட்டுகிற மழை இங்கே வரும்போது சாரலாகிவிடும். மலையின் கிழக்குச் சரிவில் இருப்பதால் நமக்கு ஐப்பசி, கார்த்திகை மழைதான் மழை. அப்போது நாள் கணக்கில் வெயில் தலை காட்டாது. துவைத்த துணி காயாது. ஜீன்ஸ் பேன்ட்டைக் கொடியில் போட்டால் நாலாம் நாளும் இடுப்புப் பட்டியைத் தொட்டால் ஈரம் இருக்கும், ஒரு வாடை வேறு வர ஆரம்பித்துவிடும். பீரோவுக்குள் தோல் செருப்பு, பெல்ட், பட்டுப்புடவை பெட்டி எல்லாவற்றிலும் பூஞ்சை. என் கல்யாணப் புடவையைக் காப்பாற்ற நான் பட்ட பாடு தனிக்கதை. இப்போது வெயில் அடித்தால் மற்ற வேலையைப் போட்டுவிட்டு பீரோவைத் திறந்து வைக்கிறேன். ஆஸ்துமா, மூட்டுவலி இருக்கிறவர்கள் வீட்டில் உண்டென்றால் இந்தப் பத்தியை இன்னொரு முறை படியுங்கள்.

சரி, நல்லதுக்கு வருகிறேன். ஊர் நடந்து போகிற அளவுதான். ராம்சந்தில் இருந்து டானிங்டன் வரைக்கும், மார்க்கெட், மருந்துக்கடை, பேங்க், போஸ்ட் ஆபீஸ், ஸ்கூல், எல்லாம் கால் நடையில் முடிந்துவிடும். ஏற்ற இறக்கம் உண்டு, ஆரம்பத்தில் மூச்சு வாங்கும், அப்புறம் காலுக்கே பழகிவிடும். நான் வழக்கமாக வாங்குகிற காய்கறிக் கடை அண்ணன் கேரட்டை எடை போடும் முன் ஒன்றை எடுத்து என் முன்னாலேயே முறித்துக் காட்டுவார். சடக்கென்று சத்தத்தோடு உடைந்து, முறிந்த இடத்தில் நீர் துளிர்த்தால்தான் தராசில் வைப்பார். வளைந்து கொடுத்தால், "இது வேண்டாங்க அக்கா, நாளைக்குப் புதுசு வரும், இன்னைக்கு மேரக்காய் கொண்டுபோங்க" என்று அவரே சொல்லிவிடுவார். தன் கடைச் சரக்கைத் தானே வேண்டாம் என்று சொல்கிற கடைக்காரரை நான் வேறு எங்கேயும் பார்த்ததில்லை. நாளைக்கும் நான் அவரிடம்தான் வருவேன், அதற்கு அடுத்த நாளும் வருவேன் என்று அவருக்குத் தெரியும். ஊர் சின்னதாக இருப்பதில் எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். பொய் சொல்லி ஒரு நாள் லாபம் பார்த்துவிட்டு மறுநாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போக முடியாது, விற்கிறவருக்கும் முடியாது, வாங்குகிறவருக்கும் முடியாது.

ஆனால் விளைகிற ஊர் என்பதால் காய் எல்லாம் அடிமாட்டு விலைக்குக் கிடைக்கும் என்று கணக்குப் போடாதீர்கள். இங்கே விளைகிற கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ், உருளைக்கிழங்கில் பெரும்பங்கு லாரி ஏறி மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போகிறது, அங்கே ஏலத்தில் போகிற விலையை வைத்துத்தான் இங்கேயும் விலை. தக்காளி, வெங்காயம், அரிசி, மீன், வீட்டுச் சாமான் எல்லாம் கீழே இருந்து ஏறி வர வேண்டும், அந்த லாரி வாடகையும் நம் தலையில்தான். டீத்தூள் மட்டும் விதிவிலக்கு. தெரிந்த ஃபேக்டரியில் புதுத்தூள் நேராக வாங்கிக் குடித்துப் பழகிவிட்டால் பாக்கெட் டீ தொண்டையில் இறங்காது.

மனிதர்களைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. சுற்றிலும் ஹட்டி என்று சொல்கிற படுகர் கிராமங்கள், கோத்தர் ஊர், இருளர், குறும்பர் இருக்கிற காட்டோரக் கிராமங்கள், அதோடு 1964-ல் சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தம் போட்ட பிறகு இலங்கையில் இருந்து வந்து தேயிலைத் தோட்டங்களில் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள், கேரளாவில் இருந்து வந்து கடை வைத்தவர்கள், எங்களைப் போலக் கொங்குப் பக்கம் இருந்து வேலைக்கு வந்தவர்கள், இத்தனை பேரும் ஒரே பஸ் ஸ்டாண்டில் நிற்கிற ஊர் இது. எங்கள் ஹவுஸ் ஓனர் அம்மா படுகர். குடிவந்த முதல் வாரமே அவரைக்காய் நிறையப் போட்ட குழம்பு ஒரு தூக்கில் வந்துவிட்டது. ஹெத்தையம்மன் பண்டிகை சமயம் பேரகணிக்கு வெள்ளை உடுத்திக்கொண்டு கூட்டம் கூட்டமாகப் போவார்கள், மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை விடுவார்கள், அன்றைக்கு இந்த ஊரில் இருந்து பார்க்க வேண்டும். சாவு வீடு என்றால் ஊரே வேலையைப் போட்டுவிட்டுப் போய் நிற்கும். நீங்கள் வாடகைக்கு இருக்கிறவர்தானே என்று யாரும் விட்டுவிட மாட்டார்கள், நீங்களும் போய் நிற்க வேண்டும். போனால் உங்கள் வீட்டு நல்லது கெட்டதுக்கும் அவர்கள் வந்து நிற்பார்கள்.

இதற்கு விலை உண்டு. உங்கள் வீட்டுக்கு யார் வந்தார்கள், எந்தக் கார் நின்றது, நேற்று ராத்திரி சத்தமாகப் பேசியது யார் என்பதெல்லாம் மறுநாள் மார்க்கெட்டில் தெரிந்திருக்கும். கெட்ட எண்ணத்தில் கேட்பதில்லை, ஆனாலும் கேட்பார்கள். "என்னங்க அக்கா, ரெண்டு நாளா வீட்டுக்காரரைக் காணோம்?" என்று மெடிக்கல் ஷாப்பில் எல்லோர் முன்னாலும் கேட்கும்போது வீட்டில் சின்னச் சண்டை நடந்திருந்தால் என்ன சொல்வது? எங்களைப் போல நாற்பதைத் தாண்டியவர்களுக்கு இது பரவாயில்லை. கல்யாணம் ஆகாத பெண்பிள்ளை தனியாக வீடு எடுத்துத் தங்கி வேலை பார்க்கலாம் என்று வந்தால் இந்தப் பார்வை அவளுக்குப் பாரமாக இருக்கும். இந்தப் பாரம் அவளுக்கு மட்டும்தான், அதே வயதுப் பையனுக்குக் கிடையாது. இதைப் பூசி மெழுகி எழுத எனக்கு மனமில்லை. அதே சமயம், என் மகள் டியூஷன் விட்டு வர நேரமானால் நான் வாசலுக்கு வருவதற்கு முன்பே முக்கில் இருக்கிற பேக்கரிக்காரர் அவளை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துவிட்டு எனக்கு போன் பண்ணிவிடுவார். இரண்டும் ஒரே ஊரில், ஒரே காரணத்தால்தான் நடக்கின்றன. ஒன்றை வாங்கிக்கொண்டு இன்னொன்றை வேண்டாம் என்று சொல்ல வழி இல்லை.

பஸ் விஷயத்தில் ஒரு நல்ல மாற்றம் வந்திருக்கிறது. 2021-ல் பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் இலவசம் என்று ஆரம்பித்தபோது மலைப் பகுதிக்கு அது கிடைக்கவில்லை. 2024-ல்தான் நீலகிரிக்கும் வந்தது. தோட்டத்துக்கு இலை எடுக்கப் போகிற பெண்களுக்கு, மிளிதேன், நெடுகுளா பக்கம் இருந்து படிக்க வருகிற பிள்ளைகளுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது காலை பஸ்ஸில் ஏறிப் பார்த்தால் புரியும். குறை என்னவென்றால் ஒரு பஸ்ஸை விட்டால் அடுத்ததுக்கு நிறைய நேரம் நிற்க வேண்டும், சாயங்காலம் இருட்டிவிட்டால் உள்கிராமங்களுக்கு வண்டி குறைந்துவிடும். ஸ்கூட்டரோ காரோ இல்லாமல் டவுனுக்கு வெளியே வீடு எடுக்காதீர்கள்.

வீட்டில் இருந்து வேலை பார்க்கலாம் என்று வருகிறவர்களுக்கு: நான் செய்வது பனியன் கம்பெனிகளுக்குக் கணக்கு எழுதி ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடுகிற வேலை. மாதம் 11-ம் தேதி ஒரு கெடு, 20-ம் தேதி ஒரு கெடு. நல்ல வெயில் காலத்தில் ஒரு பிரச்னையும் இல்லை, ஃபைபர் இணைப்பு டவுனுக்குள் கிடைக்கிறது, வேகமும் போதும். கார்த்திகையில் 20-ம் தேதி வரும்போதுதான் வயிற்றில் புளியைக் கரைக்கும். காற்றில் ஒரு கற்பூர மரம் (யூகலிப்டஸ்) கரண்ட் லைன் மேல் சாய்ந்தால் கரண்ட் போகும், கரண்ட் போனால் கொஞ்ச நேரத்தில் டவரும் போகும். மண் சரிந்து ரோட்டோர கேபிள் அறுந்தால் கம்பெனியைக் கூப்பிட்டுப் பிரயோஜனம் இல்லை, ஆள் வருவதற்கே ரோடு வேண்டும். ஒருமுறை 20-ம் தேதி மத்தியானம் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கட்டபெட்டு வரைக்கும் போய், சிக்னல் கிடைத்த ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து ரிட்டர்ன் போட்டேன். இப்போது இன்வெர்ட்டர் பெரியதாகப் போட்டிருக்கிறோம், இரண்டு வேறு கம்பெனி சிம் வைத்திருக்கிறேன், 20-ம் தேதி வேலையை 16-க்குள் முடிக்கிறேன். தேதி தள்ளிப்போட முடியாத வேலை, நாள் முழுக்க வீடியோ மீட்டிங் இருக்கிற வேலை என்றால் மழைக்காலம் இரண்டு மாதமும் பதற்றமாகவே போகும்.

இப்போது எல்லாவற்றையும் விடப் பெரிய விஷயம், மருத்துவம். காய்ச்சல், சளி, தையல் போடுவது, பிரஷர், சுகர், சாதாரணப் பிரசவம், இதற்கெல்லாம் ஊரிலேயே அரசு ஆஸ்பத்திரியும் தனியார் ஆஸ்பத்திரியும் உண்டு, நன்றாகவே பார்க்கிறார்கள். அதற்கு மேல் என்றால் நீண்ட காலமாகக் கோவைதான். மாமியாருக்கு நெஞ்சுவலி வந்தது ஒரு மழைநாள் ராத்திரி. இங்கே ஈசிஜி எடுத்து, மாத்திரை கொடுத்து, உடனே கீழே கொண்டுபோங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அரவேணு தாண்டி கொஞ்ச தூரத்தில் ரோட்டுக்குக் குறுக்கே மரம் விழுந்து கிடந்தது. எங்களுக்கு முன்னால் நின்ற லாரி டிரைவரும், பக்கத்துத் தோட்டத் தொழிலாளர் லைன் வீடுகளில் இருந்து வந்த நாலைந்து பேரும் அரிவாளும் கைரம்பமும் வைத்துக்கொண்டு கொட்டுகிற மழையில் கிளையை வெட்டிக்கொண்டிருந்தார்கள். ஆம்புலன்ஸ் விளக்கைப் பார்த்ததும் ஒருவர் ஓடி வந்து, "ஒரு வண்டி போற அளவுக்கு வழி விடறோம், பயப்படாதீங்கம்மா" என்றார். அந்த இடைவெளியில் கண்ணாடியை மடக்கிக்கொண்டு வண்டி நுழைந்து போனது. மாமியார் பிழைத்தார், ஸ்டென்ட் வைத்து இப்போது நன்றாக இருக்கிறார். அந்த ராத்திரி எங்களைத் தடுத்தது இந்த மலை, காப்பாற்றியது இந்த மலையில் இருக்கிற ஆட்கள். ஆனால் மரம் இன்னும் பெரியதாக இருந்திருந்தால்? மண்ணே சரிந்திருந்தால்? 2009 நவம்பர் மழையில் நீலகிரியில் நூற்றுக்கணக்கான இடங்களில் மண் சரிந்து 40 பேருக்கு மேல் இறந்தார்கள். அதைப் பார்த்தவர்கள் இன்றைக்கும் மழை ஓயாமல் பெய்தால் ராத்திரி தூங்குவதில்லை, வீட்டுக்குப் பின்னால் இருக்கிற மண்மேட்டைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள்.

இப்போது ஊட்டியில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வந்துவிட்டது. 2025 ஏப்ரலில் 700 படுக்கைகளோடு திறந்தார்கள். மலைக்கு இது எத்தனை வருஷத்துக் கனவு என்பது இங்கே இருக்கிறவர்களுக்குத்தான் தெரியும். கீழே இறங்காமல், மலைமேலேயே போய்ச் சேரலாம் என்பதே பெரிய தைரியம். எல்லாப் பிரிவிலும் போதுமான ஸ்பெஷலிஸ்ட்கள் நிரந்தரமாக இருந்தால் நான் இந்த விமர்சனத்தில் மருத்துவத்தைப் பற்றிச் சொல்வதை மாற்றிவிடுவேன். அதுவரைக்கும், இதய நோய், டயாலிசிஸ், கேன்சர் சிகிச்சை என்று அடிக்கடி பெரிய ஆஸ்பத்திரி போக வேண்டிய பெரியவர்களை அழைத்துக்கொண்டு இங்கே நிரந்தரமாக வராதீர்கள் என்றுதான் சொல்வேன். மாமியாரை செக்கப்புக்கு அழைத்துப் போகிற ஒவ்வொரு முறையும் வளைவுகளில் வாந்தி எடுத்து, கோவை போய்ச் சேர்வதற்குள் அவர் துவண்டுவிடுகிறார்.

சீசன் நேரத்து ரோட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் ஊட்டிக்குக் குன்னூர் வழியாக ஏறச் சொல்லி, இறங்கும்போது கோத்தகிரி வழியாக அனுப்புவார்கள். ஊட்டிக் கூட்டம் மொத்தமும் சாயங்காலம் நம் வாசல் வழியாக இறங்கும், ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்கம் பால் வாங்கவே நேரம் பிடிக்கும். 2024 மே மாதத்தில் இருந்து உயர் நீதிமன்ற உத்தரவில் இ-பாஸ் வந்தது, 2025 சீசனில் நாளுக்கு 6,000 வண்டி, வாரக் கடைசியில் 8,000 என்று வரம்பும் வைத்தார்கள். டிஎன் 43 என்று நீலகிரியில் பதிவான வண்டிகளுக்கு இ-பாஸ் தேவையில்லை, ஆனால் திருப்பூரில் இருந்து என் அண்ணன் வர வேண்டும் என்றால் எடுத்துக்கொண்டுதான் வர வேண்டும். லாட்ஜ், காட்டேஜ் நடத்துகிறவர்களுக்கு இதில் வருத்தம் இருக்கிறது, அவர்கள் பிழைப்பு அதில்தான் என்பதும் உண்மை. ஆனால் இந்த மலை தாங்குகிற அளவு ஒன்று இருக்கிறது, அதை யாராவது எண்ணிச் சொல்ல வேண்டும், அந்த வகையில் எனக்கு இந்த உத்தரவில் முழுச் சம்மதம். குஞ்சப்பனை செக்போஸ்ட்டில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலைப் பிடுங்கி வைப்பதையும் நான் அப்படித்தான் பார்க்கிறேன். டாஸ்மாக் பாட்டிலுக்குக் கூடுதலாக 10 ரூபாய் வாங்கி, காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அதைத் தருகிற திட்டம் 2022-ல் இந்த மாவட்டத்தில்தான் தொடங்கியது. உடைந்த பாட்டில் காட்டில் கிடந்தால் யானைக் காலில் ஏறும் என்பது சென்னையில் இருக்கிறவர்களுக்குச் செய்தி, எங்களுக்குப் பக்கத்து வீட்டு விவகாரம்.

பக்கத்து வீடு என்று சும்மா சொல்லவில்லை. பலாப்பழ சீசனில் குஞ்சப்பனை, முள்ளூர் பக்கம் ரோட்டிலேயே யானைகள் நிற்கும், வண்டியை நிறுத்திவிட்டு அவை போகும் வரைக்கும் சத்தம் போடாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். காட்டு மாடு டவுனுக்குள்ளேயே சாவகாசமாக நடந்து போகும், நாம்தான் ஓரமாக நின்று வழி விட வேண்டும். கரடிதான் பிரச்னை. எண்ணெய் வாசனைக்கு வரும். கோயில் விளக்கு எண்ணெய், ரேஷன் கடைச் சரக்கு, பேக்கரி, எதையும் விடாது. எங்கள் தெருவிலேயே ஒரு வீட்டின் சமையலறைக் கதவைப் பெயர்த்துவிட்டு உள்ளே வந்து எண்ணெய் டின்னைக் கவிழ்த்து நக்கிவிட்டுப் போயிருக்கிறது. காலையில் போய்ப் பார்த்தபோது கதவுப் பலகையில் நகம் இழுத்த கோடுகள் விரல் ஆழத்துக்கு இருந்தன, தரை முழுக்க எண்ணெயில் பாதத் தடம். அன்றிலிருந்து இருட்டிய பிறகு குப்பையை வெளியே வைப்பதில்லை, கையில் டார்ச் இல்லாமல் யாரும் வாசல் இறங்குவதில்லை. காலை நடைப்பயிற்சி என்றால் நன்றாக வெளிச்சம் வந்த பிறகுதான். கீழே இருந்து வருகிறவர்கள் போட்டோ எடுக்கப் பக்கத்தில் போகிறார்கள், தயவுசெய்து போகாதீர்கள். லாங்வுட் சோலை மாதிரி ஒரு காடு, உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் 2024-ல் சேர்ந்த காடு, டவுனில் இருந்து நடந்து போகிற தூரத்தில் இருக்கிறது. பக்கத்து ஊர்களுக்குத் தண்ணீர் கொடுப்பதே அந்தக் காடுதான். அது வேண்டும், கரடி மட்டும் வேண்டாம் என்றால் எப்படி?

பிள்ளைகள் படிப்பு: பள்ளிக்கூடம் வரைக்கும் கவலையே இல்லை, நல்ல பள்ளிகள் இருக்கின்றன, பிள்ளைகள் ஓடி விளையாட இடம் இருக்கிறது. பிளஸ் டூவுக்கு அப்புறம் ஊட்டி அரசு கலைக் கல்லூரி, குன்னூரில் பெண்கள் கல்லூரி, அதையும் தாண்டினால் கோவை. படித்து முடித்தவர்களுக்கு இங்கே வேலை இல்லை, இதுதான் இந்த ஊரின் ஆறாத புண். சின்ன விவசாயிகள் பச்சைத் தேயிலையை நம்பித்தான் பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். கிலோவுக்குக் கிடைக்கிற விலை பறிகூலிக்கும் உரத்துக்குமே சரியாகப் போகிறது என்று ஹவுஸ் ஓனர் அம்மா மாதா மாதம் கணக்கு நோட்டை என்னிடம் காட்டுவார், கூட்டிக் கொடுப்பது நான்தான், மிச்சம் என்று எழுதுகிற இடத்தில் பல மாதம் எழுத ஒன்றும் இருக்காது. கிலோவுக்கு 33 ரூபாய் 50 காசாவது வேண்டும் என்று 2023-ல் விவசாயிகள் தொடர் உண்ணாவிரதம் இருந்தார்கள். அவருடைய இரண்டு மகன்களும் வெளியூரில். பெரிய வீடு, நல்ல வீடு, பூட்டிய அறைகள். நமக்கு இந்த ஊரில் வாடகைக்கு வீடு கிடைப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்பதை மறந்துவிட்டு நான் வாடகை வசதியைப் பற்றிப் பேச மாட்டேன்.

சினிமா, மால், விதவிதமான ஹோட்டல் இதெல்லாம் எதிர்பார்த்து வராதீர்கள். வர்க்கியும் டீயும் சூடாகக் கிடைக்கும், மே மாதம் நேரு பூங்காவில் காய்கறிக் கண்காட்சி நடக்கும், வீட்டில் சமைக்கப் பிடிக்கும் என்றால் போதுமானது. ஆன்லைனில் ஆர்டர் போட்டால் வரும், கீழே வருவதைவிட ஓரிரு நாள் தள்ளி வரும்.

யார் வரலாம் என்று கேட்டால், பள்ளிக்கூட வயதுப் பிள்ளைகள் இருக்கிற, வருமானம் வெளியில் இருந்து வருகிற குடும்பம் தாராளமாக வரலாம். உடம்பு நன்றாக இருக்கிற, ரிட்டயர் ஆன தம்பதி வரலாம், ஆனால் கீழே ஒரு பிள்ளையோ தம்பியோ தயாராக இருக்க வேண்டும். இங்கே வந்து வேலை தேடலாம் என்று யாரும் வர வேண்டாம்.

வந்த வேகத்தில் இடம் மட்டும் வாங்கிவிடாதீர்கள். மலைப்பகுதியில் வீடு கட்ட அனுமதி வாங்குவது கீழே மாதிரி கிடையாது, பல துறைகள் பார்த்துச் சரி சொல்ல வேண்டும், ஜேசிபி இறக்கி மண் வெட்டவே கலெக்டர் அனுமதி வேண்டும். "அதெல்லாம் பார்த்துக்கலாம் சார்" என்று சொல்கிற புரோக்கரிடம் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். ஓடை போகிற வழியை மூடி மேடாக்கி விற்ற இடங்கள் உண்டு, அதன் கதை மழையில்தான் தெரியும்.

வாடகை வீடு பார்க்கிறவர்கள் மே மாதம் வந்து பார்க்காதீர்கள், அப்போது எல்லா வீடும் அழகாகத்தான் இருக்கும். நவம்பரில் வாருங்கள். பூட்டிய பீரோவைத் திறந்து முகர்ந்து பாருங்கள். காலை வெயில் எந்த அறைக்கு வருகிறது என்று கேளுங்கள், வெயில் வராத வீட்டை வாடகை குறைவென்றாலும் எடுக்காதீர்கள். வீட்டுக்குப் பின்பக்கம் போய்த் தடுப்புச் சுவரைப் பாருங்கள், அதில் தண்ணீர் வடிய ஓட்டைகள் விட்டிருக்கிறார்களா, சுவர் எங்கேயாவது வயிறு தள்ளி நிற்கிறதா என்று பாருங்கள். சமையலறைக் கதவு மரமா இரும்பா என்று பாருங்கள். எல்லா அறையிலும் நின்று போன் பண்ணிப் பாருங்கள். அப்புறம் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, இந்த வீட்டில் முன்னால் இருந்தவர்கள் ஏன் காலி பண்ணினார்கள் என்று கேளுங்கள். இந்த ஊரில் அதற்குப் பதில் கட்டாயம் கிடைக்கும், கூடவே ஒரு டீயும் கிடைக்கும். அதைக் கேட்டுவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.